நிறுத்திவைக்கப்பட்ட பாசி

எங்கள் மாடி வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்த அன்று அந்த அக்கா முதலில் குறை கண்டது கதவில். நிலையின் இடப்பக்கம் அது ஒரு நூல் அளவு இறங்கியிருப்பதாகச் சொன்னார். பிறகு சமையல் மேடையின் மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். குழாயைத் திறந்து, பேனா போன்ற ஒரு சிறு கருவியால் தண்ணீரின் உப்பை அளந்தார். குளியலறைத் தளத்தில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று கவனித்தார். ஓட வேண்டிய பக்கம் அது ஓடவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்கும் தாயைப்போல என் அம்மா முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். எல்லாக் குறைகளையும் சொல்லி முடித்தபின், வெள்ளிக்கிழமை குடிவருவதாக அவர் அறிவித்தார்.

"இத்தினி நொள்ள சொல்லிட்டு இன்னாத்துக்குமா வர்றீங்க?" என்று அம்மா கேட்டார்.

"இந்த வீட்டுல குறை எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுக்கா. புது வீடுன்னா மறுபடி முதல்லருந்து தேடணும்" என்றார் அவர்.

ஒரகடத்தில், வாகன பிரேக்குக்கான உறுப்புகள் செய்யும் ஓர் ஆலையில் அவர் தரப் பரிசோதகர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். நாற்பதைக் கடந்தவர். தனியாக வாழ்ந்தார். ஏன் தனியாக என்பதற்கு எங்கள் தெருவில் நான்கைந்து கதைகள் புழங்கின. அவற்றில் எதையும் அவர் ஏற்றதுமில்லை, மறுத்ததுமில்லை. என் அப்பா அதே ஆலைக்கு ஒப்பந்தப் பேருந்து ஓட்டுகிறார். ஆகவே அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதி பேருந்து வழியாக வந்தது. மீதி மாடிப்படி வழியாக.

'நல்லா இருக்கு' என்ற தொடர் அவரிடம் இல்லை. அம்மா கொடுத்தனுப்பும் குழம்புக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தரும்போது, உப்பு சரி, புளி மட்டும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பார். அம்மா புறம்பேசிக்கொண்டே மறுவாரம் புளியைக் குறைப்பார். என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அவரிடம் காட்டியது நான் செய்த பிழை. தமிழில் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு எங்கே போனது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தால் தெரியும் என்றார். என் முகத்தில் என்ன கண்டாரோ, படியில் இரண்டு எட்டு ஏறியவர் திரும்பி, தம் தொழிலின் சாரத்தை எனக்குச் சொன்னார்.

"குறையே இல்லைன்னு ஒலகத்துல யாரும் சொல்ல முடியாது பாப்பா. நான் தேடுன எடத்துல குறை இல்லைன்னு மட்டுந்தான் சொல்லலாம்."

அதை ஆறுதலாகத்தான் சொன்னார் என்று எனக்குப் புரிய ஓராண்டு ஆயிற்று.

அப்பா சொன்ன செய்தி ஒன்று. ஒரு மழைநாளில் சரக்கு லாரி புறப்படத் தயாராக நின்றது. காகிதத்தில் அவருடைய கையெழுத்து மட்டும் பாக்கி. மேற்பார்வையாளர் காகிதத்தை அவர் மேசைக்கே கொண்டுவந்தார். இவரோ பெட்டிகளை நேரில் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லி, குடையுடன் இறங்கிப் போய், கட்டிய தார்ப்பாயை அவிழ்க்கச் செய்து, பெட்டிகளைத் திறக்கச் செய்து பார்த்தார். அப்பாவின் பேருந்து நாற்பது பேருடன் அவர் ஒருவருக்காகக் காத்து நின்றது. பெட்டிகளில் ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதற்காக அவர் மகிழ்ந்ததாகவோ வருந்தியதாகவோ தெரியவில்லை. நனைந்த குடையை வாசலிலேயே மடக்கி, தண்ணீர் சொட்டாதபடி ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏறி அமர்ந்தாராம்.

அப்படிப்பட்டவர் பாசி வளர்த்தார்.

சரியாகச் சொன்னால் அது பாசி அன்று. ஆங்கிலத்தில் லிவர்வார்ட் என்கிறார்கள். ஈரலின் மடல்போல மண்ணோடு ஒட்டிப் படரும் சிறு தாவரம். வேர் இல்லை, தண்டு இல்லை, பூ இல்லை. பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் அதன் இனத்தாருக்குச் சில பக்கங்கள் உண்டு. அவர் பாசி என்றே சொன்னார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தை மாதத்தில் ஒருநாள் பிள்ளைப்பாக்கம் தாண்டி அப்பாவின் பேருந்து பஞ்சர் ஆனது. அப்பா டயர் மாற்றிய நேரத்தில் மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள்; அவர் தரையைப் பார்த்தார். சாலையோரம் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையின் சேற்றில், நாணய அளவில் வட்ட வட்டமாகப் பச்சை மடல்கள் ஒட்டிக் கிடந்தன. ஓரத்தில் மட்டும் மெல்லிய ஊதாக் கோடு. சாப்பாட்டு டப்பாவின் மூடியால் மண்ணோடு இரண்டு வட்டங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார். ஏன் எடுத்தார் என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். அந்த ஊதாக் கோடு எல்லா வட்டத்திலும் ஒரே அகலத்தில் இருந்தது என்றார். ஆலையில் அத்தனை இயந்திரங்களை வைத்தும் வராத ஒழுங்கு அது என்று சொல்ல வந்தார் போலும், சொல்லவில்லை.

பங்குனி பிறப்பதற்குள் அந்தக் குட்டையைக் கிராவல் கொட்டி நிரவிவிட்டார்கள். கிடங்கு ஒன்று வரவிருந்தது. சுற்றுச்சுவர் எழும்பியது. இவரோ அதற்குள் கைப்பேசியில் கிடைத்த எல்லாப் படங்களோடும் தம் வட்டங்களை ஒப்பிட்டு முடித்திருந்தார். எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. மாதிரியோடு ஒத்துப்போகாத பொருளைச் சிவப்புப் பெட்டியில் எறிவது அவர் பிழைப்பு. இதை மட்டும் எறியாமல், மாடிப்படியின் பின்திருப்பத்தில், வெயில் நேராக விழாத வடக்குச் சுவரோரம், அகன்ற மண்தட்டு ஒன்றில் குடியமர்த்தினார்.

வளர்ப்பது எளிதாக இருக்கவில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்பில் ஒரு வாரத்திலேயே மடல்களின் ஓரம் வெந்து போயிற்று. கேன் தண்ணீர் பரவாயில்லை என்று தோன்றியது; அளந்து பார்த்துவிட்டு அதையும் தள்ளினார். பிடித்துவைத்த மழைநீர் தீர்ந்துபோயிருந்தது. இறுதியில் அவர் கண்டடைந்தது ஏசி சொட்டும் தண்ணீரை. ஆலையில், அளவுக் கருவிகளைச் சோதிக்கும் ஸ்டாண்டர்ட் ரூம் என்ற அறை ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும், இரவுபகலாக, அது இருபது பாகையில் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதன் பின்சுவரில் ஒரு குழாய் ஓயாமல் சொட்டிக்கொண்டிருக்கும். உப்பு அநேகமாக இல்லை. குட்டையை நிரவிய தொழிற்பேட்டையிலேயே குட்டையின் பாசிக்கு ஏற்ற தண்ணீரும் கிடைத்தது.

ஐந்து லிட்டர் கேனில் அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய முதல் நாள், வாயிற்காவலர் தடுத்தார். அப்பா பேருந்தின் படியில் நின்று பார்த்திருக்கிறார்.

"இன்னாமா இது?"

"ஏசித் தண்ணி."

"எதுக்கு?"

"பாசிக்கு."

காவலர் சிறிது யோசித்தார். "பாசின்னா மணிதானே? கோக்கறதுக்கு நூலு வேணும். தண்ணி எதுக்கு?"

அவர் விளக்கினார். விளக்கத்தைக் கேட்டபின் காவலருக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. எந்தப் பொருள் வெளியே போனாலும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார். வேறு யாராக இருந்தாலும் சண்டை பிடித்திருப்பார்கள். இவரோ காவலர் சொல்வது முற்றிலும் சரி என்று ஒப்புக்கொண்டு, உள்ளே திரும்பிப் போய், முறைப்படி சீட்டு எழுதி, மேலாளரிடம் ஒப்புதல் வாங்கி வந்தார். பேருந்து மறுபடி காத்து நின்றது. சீட்டில் 'திரும்பி வரும் பொருள்', 'திரும்பி வராத பொருள்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவர் முதல் கட்டத்தில் குறியிட்டிருந்தார். இது எப்போது திரும்பி வரும் என்று காவலர் கேட்டதற்கு, ஆவியாகிக் காற்றில் கலந்து ஏசி வழியாகவே வந்து சேர்ந்துவிடும் என்று பதில் சொன்னார். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. காவலர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அதன்பின் ஆலையில் அவர் 'பாசிக்கா' ஆனார். மணி விற்கிறவர் என்று நம்பி, தம் மகளுக்குப் பச்சைப் பாசி கேட்டு வந்த பெண்களும் இருந்தார்கள்.

தினமும் பணிக்குப் புறப்படுமுன் தட்டின் அருகே குந்தி அமர்வார். புருவம் திருத்தும் இடுக்கியால் வேற்றுப் பாசியின் துளிர்களைப் பிடுங்குவார். முடிதிருத்தகத்தில் தண்ணீர் தெளிக்கும் புட்டி ஒன்றால் இரண்டு முறை தெளிப்பார். நத்தை வந்த தடம் உண்டா என்று விளிம்பைப் பார்ப்பார். ஞாயிறுதோறும் இரும்பு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார். இவ்வளவும் செய்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால், "வளர்ந்துருக்கு" என்பார். அளவைத்தான் சொல்வார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அம்மாவின் அகராதியில் பாசி என்றால் ஒரே பொருள்தான்: வழுக்குவது. வாழ்நாளெல்லாம் தொட்டியிலும் தளத்திலும் அதைத் தேய்த்தே கை காய்த்தவர். "நாம தேச்சித் தேச்சிப் போடறோம், இவங்க அதுக்குக் கேன்ல தண்ணி கொண்டாந்து ஊத்திக்கினு கீறாங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரித்தார். அந்தத் தண்ணீர் எத்தனை கையெழுத்து தாண்டி வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அக்கினி நட்சத்திரத்தில் பாசி சுருண்டது. மடல்கள் நூலாக மடங்கி, கறுத்து, மண்ணின் நிறமே ஆகின. தண்ணீர் தெளித்தும் விரியவில்லை. மூன்றாம் நாள் தட்டின் விளிம்பில் கம்பியால் ஒரு மஞ்சள் அட்டை கட்டப்பட்டிருந்தது. ஆலையில் பயன்படுத்தும் அட்டை. மேலே 'ஹோல்டு' என்று அச்சிட்டிருந்தது. கீழே காரணம், தேதி, கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் 'நிலை தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்.

அந்த அட்டையின் சட்டத்தை அப்பா எங்களுக்கு விளக்கினார். நல்ல பொருளுக்குப் பச்சை அட்டை, கழித்ததற்குச் சிவப்பு. நல்லதா கெட்டதா என்று முடிவாகாத பொருளுக்கு மஞ்சள். மஞ்சள் கட்டிவிட்டால் அதை யாரும் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, துடைக்கவும் கூடாது. முதலாளியே வந்தாலும் ஆகாது. யார் கையெழுத்திட்டுக் கட்டினாரோ, அவரே கையெழுத்திட்டுத்தான் அவிழ்க்க வேண்டும்.

அம்மா அதைக் கோயில் காப்புக் கயிற்றைப் புரிந்துகொண்ட விதத்தில் புரிந்துகொண்டார். கோடை முழுவதும் படிக்கட்டைக் கூட்டும்போது, அந்தத் தட்டு வரும் இடத்தில் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார்.

ஆடியில் மழை பெய்தது. ஒருநாள் காலையில் மாடிப்படியில் அவர் என்னை அழைத்தார். அவர் யாரையும் அழைப்பதில்லை ஆதலால் நான் ஓடினேன். தட்டில் அத்தனை மடல்களும் விரிந்து, முன்பைவிட அகன்று, ஊதா விளிம்போடு கிடந்தன. செத்தது என்று நான் மனத்தில் முடிவு கட்டியிருந்த பொருள். அவர் நெடுநேரம் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து அட்டையில் கையெழுத்திட்டு, கம்பியை முறுக்கு நீக்கி அவிழ்த்தார்.

"ஓகே" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எங்கள் கதவுக்கும் அது கிடைத்ததில்லை. என் தொண்ணூற்றெட்டுக்கும் கிடைத்ததில்லை.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் தமிழிலக்கியம் முதலாண்டு சேர்ந்திருந்தேன். எங்கள் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியையிடம் படங்களைக் காட்டினேன். முதலில் அவர் என் துறையைக் கேட்டார். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். மிக அரிதாக, எங்கோ ஓரிரு இடங்களில் மட்டும் கண்டெடுக்கப்பட்ட ஓர் இனமாக இருக்கலாம், படத்தைக் கொண்டு உறுதி சொல்ல இயலாது என்றார். மடலுக்குள் வித்துகள் முதிர்ந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்; அந்த நிலையில் ஒரு மடலைக் கொண்டுவந்தால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாம். அதுவரை எப்படியாவது உயிரோடு வைத்திருங்கள் என்றார். கிளம்பும்போது, அது பாசி இல்லை என்றும் திருத்தினார்.

அக்காவிடம் சொன்னேன். "உறுதி சொல்ல முடியாதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அந்தப் பேராசிரியையின்மேல் அவருக்கு மதிப்பு உண்டானதைக் கண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பூதக்கண்ணாடியால் கறுப்புப் புள்ளியைத் தேடலானார். அவர் வாழ்நாளில் ஒரு பொருளில் புள்ளி இருக்க வேண்டும் என்று தேடியது அப்போதுதான்.

ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பகுதியில் அந்த நாளுக்கு இரும்பும் மரமும் மண்ணும் எல்லாம் கருவிதான். அம்மா இரண்டு நாளாகத் தேய்த்தார்: மாவரைக்கும் கல், மிக்சி, அப்பாவின் ஸ்பேனர்கள், மோட்டார், அம்மிக்குழவி, அருவாமனை. மாடி வீட்டு அக்காவுக்கு அந்த வாரம் தொடர்ந்து ஓவர்டைம். தனியாக இருக்கிற பெண்ணுக்கு நாம்தானே செய்ய வேண்டும் என்று அவருடைய குக்கரையும் அடுப்பையும் வாசலில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் கீழறையில் பருவத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படித் திருப்பத்திலிருந்து தேங்காய்நார் தேய்க்கும் ஓசை வந்தது. மண்பாண்டத்தின்மேல் தேய்க்கும் ஓசை இரும்பின்மேல் தேய்ப்பதிலிருந்து வேறு. அந்த வேறுபாடு எனக்குக் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

மாலையில் அவர் வந்தபோது கூடத்தில் எல்லாக் கருவிகளும் வரிசையாக இருந்தன. ஸ்பேனர்களுக்கும் அருவாமனைக்கும் நடுவே அந்த மண்தட்டு இருந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதிதாகச் சுட்டதுபோலச் சிவந்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் ஏந்தி.

"அட்டய அவுத்துட்டீங்களே, வேல முடிஞ்சிடுச்சின்னு நெனச்சேன்" என்றார் அம்மா. "எத்தினி பாசி அதுல. உங்களுக்கு ஏது நேரம், நானே தேச்சிட்டேன்."

அவர் தட்டைக் கையில் எடுத்தார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். விளிம்பைச் சுற்றி ஒருமுறை ஆட்காட்டி விரலை ஓட்டினார். மீண்டும் ஸ்பேனர்களுக்கு நடுவே, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ரொம்ப நல்லா தேச்சிருக்கீங்கக்கா" என்றார்.

ஒன்றேகால் ஆண்டில் அம்மா அவரிடம் பெற்ற முதல் பாராட்டு. இரவுச் சாப்பாடு வரை அம்மா அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பிறகு நான், அது வேறெங்கும் கிடைக்காத பாசி என்ற உண்மையைச் சொன்னேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் அம்மா தனியாக ஒரு வாளியோடு அந்தக் குட்டை இருந்த இடத்துக்குப் போய், கிடங்கின் சுற்றுச்சுவரைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பினார். வரும் வழியில், பக்கத்து வீட்டுத் தொட்டியின் வெளிப்புறத்திலிருந்து தடித்த பச்சைப் பாசியை ஒரு கையளவு சுரண்டி எடுத்து வந்து, தட்டில் மண் நிரப்பி அதன்மேல் பரப்பி, மாடிப்படியில் வைத்தார். மாலையில் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கீழிருந்து கண்டேன். அது அவருடைய பாசி இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் சிவப்பு அட்டை கட்டவில்லை. புட்டியை எடுத்து இரண்டு முறை தெளித்துவிட்டுப் போனார். தொடர்ந்து நாள்தோறும் தெளித்தார். ஏசித் தண்ணீரை அல்ல, குழாய்த் தண்ணீரை. அந்தப் பாசிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஒருவாரம் கழித்து நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஓசையைக் கேட்டும் எழாததைச் சொன்னேன். அவர் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரின் மடிப்பைச் சரிசெய்துவிட்டுத் தலைநிமிர்ந்தார்.

"ரீடெய்ன் சாம்பிள் எடுத்து வைக்காம எவளாச்சும் லாட்ட வெளிய விடுவாளா பாப்பா?"

ஒவ்வொரு சரக்குக் குவியலிலிருந்தும் ஒன்றை எடுத்து ஆலையிலேயே தனியாக வைத்துக்கொள்வார்களாம். பின்னால் கேள்வி வந்தால் ஒப்பிட. பாசி உயிர்த்தெழுந்த அந்த ஆடி மாதத்திலேயே ஒரு மடலைக் கொண்டுபோய், ஸ்டாண்டர்ட் ரூமின் பின்சுவரில், ஏசி குழாய் சொட்டும் இடத்தில் பதித்திருக்கிறார். இப்போது உள்ளங்கை அகலம் படர்ந்திருக்கிறது. உலகில் மிச்சமிருப்பது, எனக்குத் தெரிந்தவரை, அந்த உள்ளங்கைதான். அதில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமே என்றேன்.

"அங்க தண்ணி அதுபாட்டுக்குச் சொட்டுது. எதுக்குச் சொமக்கணும்" என்றார். அம்மாவின் பெயரை எடுக்கவே இல்லை.

கார்த்திகையில் ஆலைக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தணிக்கைக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன் கட்டடம் முழுவதையும் சுற்றிவந்து, கறை, துரு, பாசி என்று காண்பதையெல்லாம் குறித்து, துப்புரவுக் குழுவிடம் தர வேண்டும். குறிக்கும் பொறுப்பு அவருடையது. துப்புரவுக் குழுவினர் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தோடு காத்திருந்தார்கள். பின்சுவரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றார் அப்பா. அவர் சேர்த்தார். ஸ்டாண்டர்ட் ரூம் பின்சுவர், ஏசி குழாயடி, பச்சை வளர்ச்சி, உள்ளங்கை அளவு. உள்ளதை எழுதியபின், பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் குழாயில் கட்டினார். காரணம்: 'நிலை தெரியவில்லை.' தேதி. கையெழுத்து.

"உங்கக்கா கம்பெனி செவுத்தையே ஹோல்டு பண்ணிட்டாங்க" என்றார் அப்பா அன்று மாலை.

இயந்திரத்தோடு வந்தவர்கள் அட்டையைக் கண்டதும் குழலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனார்கள். மேலாளர் அவரை அழைத்து, இது என்ன கூத்து என்று கேட்டிருக்கிறார். ஹோல்டு அட்டைக்கான நடைமுறையில் சுவர் விலக்கு என்று எழுதியிருந்தால் காட்டுங்கள் என்று இவர் கேட்டார். எழுதியிருக்கவில்லை. தணிக்கைக்கு வந்த வெளிநாட்டவர் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, சுவரில் கண்ட குறையைக்கூட மறைக்காமல் முறைப்படி நிறுத்திவைத்திருக்கும் இந்த ஒழுங்கைத் தம் அறிக்கையில் பாராட்டினார். பாராட்டுப் பெற்ற அட்டையை இனி எப்படி அவிழ்ப்பது என்று மேலாளர் கவலையுற்றார்.

அவர்கள் கண்ட வழி பதவி உயர்வு. மாசியில் அவரை வடக்கே, புதிதாகத் திறந்த மற்றோர் ஆலைக்குத் தரப் பிரிவின் தலைவராக மாற்றினார்கள். ஒரு மடலையாவது எடுத்துப் போகலாமே என்று அம்மா, கண் கலங்க, கேட்டார். ஹோல்டு கட்டிய பொருளை வாயிலுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை என்றார் அவர். அந்த விதியை எழுதியது யார் என்று நான் கேட்டேன். அவரேதான். புள்ளி வந்து நிலை தெரியும் நாளில் முறைப்படி அவிழ்த்திருப்பார். புள்ளி இன்னும் வரவில்லை. வீட்டைக் காலி செய்தபோது, கதவு இப்போது ஒன்றரை நூல் இறங்கியிருப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சென்ற ஆயுத பூஜைக்கு ஆலையில் குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள். இயந்திரங்கள் எல்லாம் நின்று, மாலையும் பொட்டுமாக இருந்தன. அப்பா எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார். மஞ்சள் அட்டை வெயிலில் வெளிறி, கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. அதன் கீழே சுவரிலும் தரையிலுமாக ஒரு முறத்தின் அகலத்துக்குப் பாசி, ஊதா விளிம்போடு. சுற்றிலும் தரையைப் பளிச்சென்று கழுவியிருந்தார்கள். கழுவிய நீர் அந்த முறத்தின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. அம்மா பிரசாதக் குங்குமத்தை விரல்நுனியில் எடுத்துக்கொண்டு குனிந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"யாரோ நமக்கு முன்னியே வெச்சிட்டுக் கீறாங்கடி."

அட்டையின் நடுவில், ஹோல்டு என்ற எழுத்தின்மேல், சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

நான் குந்தி அமர்ந்து பார்த்தேன். மடல்களுக்குள் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. ஒரே ஒரு மடல் போதும், பேராசிரியை சொல்லிவிடுவார். என் பையில் காகித உறையும் இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. எடுக்காமலே வெளியே வந்து, அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே விடுமுறை இல்லை போலும். இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. புள்ளி வந்ததைச் சொன்னேன். எத்தனை புள்ளி, எந்த மடலில், விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவில், அளவுகோல் வைத்துப் பார்த்தாயா என்று வரிசையாகக் கேட்டார். அளவுகோல் கொண்டுபோகவில்லை என்றேன். ஒரு மடல் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். படம் அனுப்புகிறேன், அதைப் பார்த்து அட்டையை விடுவித்ததாக ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும் என்றேன்.

"நேர்ல பாக்காம எப்படி பாப்பா கையெழுத்துப் போடுறது?"

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எப்போது வருவீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்தது. எங்கோ தள்ளி வந்து நின்றிருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

நல்லா இருக்கு என்று சொல்ல வாய் எடுத்தேன்.

"நான் தேடுன எடத்துல குறை இல்லக்கா" என்றேன்.

 எங்கள் கதவைச் சரிசெய்துவிட்டோமா என்று அவர் கேட்டார்.